வாடகைச் சப்பாத்தும் எரத்ன வழியும்

சிவனொளிபாத மலைக்கு எரத்ன பக்கத்தால் ஏறி நல்லதண்ணிப் பக்கம் இறங்குவோம், எல்லாம் ஒரே நாளில், என்று மச்சானும் நானும் முடிவெடுத்தபோது இரண்டு பேரிடமும் மலைச் சப்பாத்து இல்லை. வருசத்துக்கு ஒருக்கா போகிற நடைக்குப் புதிதாக வாங்க மனமும் வரவில்லை. அதனால் கொழும்பில் இந்தச் சாமான்களை வாடகைக்குக் கொடுக்கிற ஒரு கடைக்குப் போனோம். பெயர் வேண்டாம்.

முதலில் நல்லதைச் சொல்கிறேன். அட்டைக் காலுறை அருமை. முழங்கால் வரை வரும், மேலே கயிறு வைத்துக் கட்டலாம், துணியின் நெசவு நெருக்கம் என்பதால் அட்டை வாய் வைக்க வழியே இல்லை. சாதாரண சொக்ஸுக்கு மேலே போட்டுப் பிறகு சப்பாத்தைப் போட வேண்டும். முதல்நாள் மழை பெய்திருந்தது, எரத்ன காட்டுக்குள் இலைக்கு இலை அட்டை நெளிந்தது, எனக்கு ஒரு கடிகூட இல்லை. சித்தாலேபைக் களிம்பும் சவர்க்காரமும் பூசினால் போதும் என்று வீரம் பேசிய மச்சானின் காலில் ஏழு.

சப்பாத்துத்தான் பிரச்சினை. "நல்ல பிராண்ட் தம்பி, ஒண்டும் யோசிக்காதீங்க" என்றார் கடைக்காரர். பார்வைக்குப் புதிது போலத்தான் இருந்தது. வெள்ளவத்தையில் எங்கள் பிளட்டின் மாடிப்படியில் இரண்டு நாள் ஏறி இறங்கிப் பார்த்தேன், காலைக் கடிக்கவில்லை, சரி என்று விட்டுவிட்டேன். நல்லதண்ணிப் பக்கம் என்றால் ஏறத்தாழ 1000 மீற்றர் ஏற்றம், மின்விளக்கு, படி, வழியெல்லாம் தேத்தண்ணிக் கடை. எரத்ன பக்கம் அப்படியில்லை, அடிவாரம் மிகவும் தாழ்வு, உச்சி 2243 மீற்றர், நடுவில் காடும் ஈரக் கல்லும்தான். யாத்திரை சீசன் என்பதால் ஆட்கள் இருந்தார்கள்.

பாதி வழி தாண்டி ஒரு பாறையில் கால் வைத்தேன், வலது குதி மெத்தென்று உள்ளே போனது. குனிந்து பார்த்தால் அடித்தோலுக்கும் மேல்தோலுக்கும் நடுவில் இருக்கிற நுரை, பழைய பிஸ்கட் மாதிரி உதிர்ந்து கொட்டுகிறது. பத்து நிமிசத்தில் அடிப்பாகம் நாக்கைத் தொங்கப் போட்டது. பின்னால் வெறுங்காலோடு ஏறி வந்த ஓர் ஆச்சி நின்று என் சப்பாத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், ஒன்றும் சொல்லாமல் முன்னால் போய்விட்டார். அந்தப் பார்வையை இன்னும் மறக்கவில்லை.

பிறகுதான் தெரிந்துகொண்டேன், அந்த நுரை பொலியூரிதேன். காற்றின் ஈரத்தில் அது தானாகவே சிதையும், போடாமல் பெட்டிக்குள் வைத்திருந்தாலும் சிதையும். கொழும்பின் புழுக்கத்தில் சில வருசம் ராக்கையில் கிடந்த சப்பாத்துக்கு வேறென்ன நடக்கும்? கடைக்காரருக்கு இது தெரியாமல் இருந்தால் மன்னிக்கலாம். ஆனால் வாடகைக்குக் கொடுக்கிறவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். வாங்கும்போது நீங்களே பெருவிரலால் குதிப் பக்கத்து நுரையை அழுத்திப் பாருங்கள். வெடிப்புத் தெரிந்தாலோ தூள் உதிர்ந்தாலோ வைத்துவிட்டு வாருங்கள்.

நைலோன் கயிற்றால் கட்டிக் கொஞ்சத் தூரம் இழுத்தேன். பிறகு பையில் இருந்த பாட்டா செருப்பு. பஸ்ஸில் போட என்று கொண்டுபோனது, அதோடுதான் உச்சிக்கும் போய் நல்லதண்ணிக்கும் இறங்கினேன். அந்த ஆயிரக்கணக்கான படிகளில் முழங்கால் பட்ட பாட்டைத் தனியாக எழுத வேண்டும்.

திருப்பிக் கொடுக்கப் போனால், நான் பழுதாக்கிவிட்டேன் என்று முற்பணத்தில் பாதியைப் பிடித்தார். பேப்பரில் சுற்றிக் கொண்டுபோன தூளை மேசையில் கொட்டிக் காட்டினேன். கொஞ்ச நேரம் விரலால் தடவிப் பார்த்துவிட்டு மிச்சக் காசை எடுத்து வைத்தார். வெளியே வரும்போது ராக்கையில் அதே மாதிரி இன்னொரு சோடி இருந்தது. அழுத்திப் பார்த்தேன், விரல் உள்ளே போனது.