கேட்டு வாங்குவதா, சமமாக ஒதுக்குவதா?

ஒருவர் மட்டும் சம்பாதிக்கும் வீட்டில் சொந்தச் செலவுக்கான பணத்தைத் தேவைப்படும்போது கேட்டு வாங்கலாம். அல்லது வாடகை, மளிகை, பள்ளிக் கட்டணம், சேமிப்பு ஆகியவற்றுக்கு எடுத்துவைத்தபின் இருவருக்கும் ஒரே தொகையைத் தனித்தனிக் கணக்கில் மாதந்தோறும் போட்டுவிடலாம்.

முதல் முறையில் கணக்கு எழுதும் வேலை இல்லை. ஆனால் சம்பாதிக்கும் கணவர் அலுவலக வாசலில் குடிக்கும் தேநீருக்கு யாரிடமும் காரணம் சொல்வதில்லை. மனைவியோ தோழியின் திருமணத்தில் மொய் எழுதவும், பிறந்த வீட்டுக்குப் போகையில் தம்பி பிள்ளைக்குத் தின்பண்டம் வாங்கவும் காரணம் சொல்ல வேண்டியிருக்கிறது. கேட்டவுடன் கொடுப்பவராக அவர் இருந்தாலும், கேட்க வேண்டிய நிலை மாறுவதில்லை. மளிகைப் பணத்தில் மிச்சம் பிடித்து அஞ்சறைப்பெட்டியில் ஒளித்துவைக்கும் பழக்கம் இந்தக் கூச்சத்தால் வந்ததுதான்.

கணவரின் வருமானத்தில் வாங்கிய சொத்தில் இல்லத்தரசியின் உழைப்புக்கும் பங்கு உண்டு என்று 2023 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அந்த நியாயம் மாதச் சம்பளத்துக்கும் பொருந்தும் என்பதால் சம ஒதுக்கீடே சரியென்று நான் உறுதியாக நம்புகிறேன். தொகை 500 ரூபாயே ஆனாலும் இருவருக்கும் அதுவே. கடன் தவணை கூடும் மாதத்தில் இருவருக்கும் சேர்ந்தே குறையும்.

வேலைக்குப் போகும் பேருந்துக் கட்டணத்தை வீட்டுச் செலவில் சேர்ப்பவர்கள், வீட்டிலிருப்பவரின் மருந்தையும் செல்பேசிக் கட்டணத்தையும் அதிலேயே சேர்க்க வேண்டும். இல்லையெனில் அவருடைய 500 ரூபாய் முதல் வாரத்திலேயே கரைந்துவிடும்.