ஒகவாங்கோவில் மூன்று ராத்திரி

வீட்டுக்காரருக்கு அறுபது முடிந்து திருக்கடையூர் போய் வந்த அடுத்த மாதம், ஆப்பிரிக்காவில் போட்ஸ்வானா நாட்டுத் தலைநகர் கபரோனில் இருக்கும் மகளும் மருமகனும் எங்களைக் கூப்பிட்டுக்கொண்டார்கள். அந்த நாட்டின் வடபகுதியில், ஒகவாங்கோ ஆற்றின் டெல்டாவுக்குள் ஒரு தீவில் இருக்கும் சஃபாரி லாட்ஜில் மூன்று ராத்திரி. அதுதான் அவர்கள் தந்த அறுபதாம் கல்யாணப் பரிசு.

நான் எண்ணூர் ஆற்றங்கரையில் வளர்ந்து திருவொற்றியூரில் வாழ்க்கைப்பட்டவள். எந்த ஊருக்குப் போனாலும் முதலில் தண்ணீரைத்தான் பார்ப்பேன். சிங்கம், சிறுத்தை பற்றிப் படிக்க வந்தவர்கள் மன்னிக்கவும். நான் எழுதப்போவது பெரும்பாலும் தண்ணீரைப் பற்றி.

லாட்ஜுக்கு ரோடு கிடையாது. மவுன் என்ற ஊரிலிருந்து சின்ன விமானத்தில்தான் போகவேண்டும். ஆளுக்கு 20 கிலோ, அதுவும் அமுங்குகிற துணிப்பையில். சூட்கேஸை ஏற்றமாட்டார்கள். எலுமிச்சை ஊறுகாய் பாட்டிலைப் புடவைக்குள் சுற்றி எடுத்துப்போனேன், உடையாமல் வந்தது.

மொத்தம் எட்டுக் கூடாரம். கூடாரம் என்று பெயர்தானே தவிர, மரத்தளம், நல்ல கட்டில், வெந்நீர், கொசுவலை எல்லாம் உண்டு. ஜூலையில் அங்கே குளிர்காலம். விடியற்காலையில் ஏழெட்டு டிகிரி இருக்கும், நம் மார்கழி அதற்குப் பக்கத்தில்கூட வராது. படுக்கைக்குள் வெந்நீர்ப் பை வைத்துவிட்டுப் போகிறார்கள். ராத்திரி நீர்யானை மேய வரும் என்பதால், இருட்டியபின் காவலர் துணையில்லாமல் வெளியே வரக்கூடாது. முதல் ராத்திரி கூடாரத்துக்கு அடியிலேயே ஒன்று நின்று புல்லைப் பிடுங்கித் தின்றது. அந்தச் சத்தத்தைக் கேட்டபடி நாங்கள் இரண்டு பேரும் மூச்சுக்கூட விடாமல் படுத்திருந்தோம்.

சாப்பாட்டில் குறை இல்லை. ஆட்டுக்கறியை வேகவைத்து இடித்த செஸ்வா, கீரை, ஒரு நாள் ஆற்று மீன். அது நம் ஜிலேபி மீன் வகைதான். மிளகாய் கேட்டதும் சமையற்கார அம்மா சிரித்துக்கொண்டே தனியாகக் கொண்டுவந்து வைத்தார். பெண்களை எல்லாரும் 'துமேலா ம்மா' என்றுதான் வணங்குகிறார்கள். அந்த 'ம்மா' காதில் விழுந்தபோது ஊருக்கே வந்துவிட்ட மாதிரி இருந்தது.

சரி, குறை ஒன்று சொல்லவேண்டும். இரண்டாம் நாள் காலை எங்களைப் பெரிய கேமரா வைத்திருந்த நான்கு பேரோடு ஜீப்பில் ஏற்றிவிட்டார்கள். ஒரு சிறுத்தைக்குப் பக்கத்தில் இரண்டு மணி நேரம், மூன்று ஜீப் சூழ்ந்து நின்றன. அது எழுந்து போனால் ஜீப்களும் பின்னாலேயே போயின. எனக்கு அது பிடிக்கவில்லை. திரும்பியதும் மேனேஜரிடம் சொன்னேன். முகம் சுளிக்காமல் கேட்டுக்கொண்டு, மீதி நேரத்துக்கு எங்களுக்குத் தனியாக மொகோரோ ஏற்பாடு செய்தார்.

மொகோரோ என்பது ஒல்லியான ஓடம். முன்பெல்லாம் ஒரே மரத்தைக் குடைந்து செய்வார்களாம். மரத்தைக் காப்பாற்ற இப்போது ஃபைபரில் செய்கிறார்கள். பின்னால் ஒருவர் நின்று நீளக்கழியை ஊன்றித் தள்ளுவார். எங்கள் ஆற்றில் கழி ஊன்றியதை நினைத்துக்கொண்டேன். ஆனால் இங்கே கழி இறங்குகிற இடத்தில் அடிமணல்கூடத் தெரிந்தது. படகோட்டி ஒரு நாணலைப் பக்கத்தில் இழுத்துக் காட்டினார். முதலில் ஒன்றும் தெரியவில்லை. அப்புறம் பார்த்தால் கட்டைவிரல் நகம் அளவுக்கு ஒரு தவளை, வெள்ளை உடம்பில் பழுப்புக் கோடுகள், கால்களை மடக்கித் தண்டோடு ஒட்டிக்கொண்டிருந்தது. தொண்டை மட்டும் துடித்தது. அதைப் பார்த்த ஐந்து நிமிடத்துக்கே அந்தப் பணம் தகும்.

அந்தத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்ற கதையையும் படகோட்டிதான் சொன்னார். ஜூலையில் அங்கே மழையே இல்லை, ஆனால் வெள்ளம் அப்போதுதான் உச்சம். அங்கோலா மலைகளில் தை, மாசியில் பெய்த மழை ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் கடந்து, சாய்வே இல்லாத மணலில் மெல்ல விரிந்து, மாதக்கணக்கு கழித்து வந்து சேருகிறது. கடலுக்குப் போவதே இல்லை. வெயிலும் செடிகொடிகளும் குடித்தது போக, மீதி கலஹாரி மணலுக்குள் இறங்கிவிடுகிறது. தீவுகளில் பல, கரையான் புற்றில் தொடங்கி வளர்ந்தவை. 2014இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் ஆயிரமாவதாகச் சேர்ந்த இடம் இது. அந்த நாட்டுப் பணத்துக்கே 'புலா' என்று பெயர், மழை என்று அர்த்தம்.

"உங்கள் ஊர் ஆறு எங்கே போய்ச் சேரும், ம்மா?" என்று கேட்டார். கடலுக்கு என்றேன். அனல்மின் நிலையச் சாம்பல் படிந்த சேற்றையும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் வந்து கூழைக்கடாக்களின் சிறகில் அப்பியதையும், இறால் பிடிக்க இறங்கின பெண்கள் உடம்பெல்லாம் பிசுக்கோடு ஏறியதையும் சொன்னேன். அவர் கழியை ஊன்றி ஓடத்தை நிறுத்திவிட்டார். கொஞ்ச நேரம் இரண்டு பேருமே பேசவில்லை. அல்லி இலைமேல் ஒரு இலைக்கோழி நடந்துபோனது.

ஆளுக்கு ஒரு ராத்திரிக்கு 80,000 ரூபாய்க்கு மேல். சாப்பாடு, படகு, ஜீப், துணி துவைப்பது எல்லாம் அதில் அடங்கும். எங்களைப் போன்றவர்கள் வாழ்நாளில் ஒரு தடவை போகலாம். போவதென்றால் ஜூன் முதல் ஆகஸ்ட்டுக்குள் போங்கள், அப்போதுதான் தண்ணீர் நிறைந்திருக்கும். மலேரியா மாத்திரைக்கு முன்கூட்டியே டாக்டரைப் பாருங்கள். மொகோரோவில் கால் நீட்டித் தரையோடு உட்காரவேண்டும், மூட்டுவலி இருப்பவர்கள் முதுகுக்குச் சாய்மானம் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். பதிவு செய்யும்போதே தினமும் மொகோரோ உண்டா என்று எழுத்தில் கேளுங்கள். எங்களுக்கு அது தெரியாததால் ஒரு காலை முழுக்க வீணாகப் போனது.