14 மாதமாக நகத்தில் ஸ்ட்ரோபெரி

நேற்றுக் காலை கண் விழித்தபோது வலது கையில் மூன்று நகங்களில் கம்பளியின் நெசவு அச்சுக் குத்தியது போலப் பதிந்திருந்தது. ஸ்ட்ரோபெரிச் சிவப்பின் மேல் குறுக்கும் நெடுக்குமாகக் கோடுகள். சித்தி மகளின் கல்யாணத்துக்காக முதல் நாள் இரவு 7 மணிக்கு உட்கார்ந்து வரைந்த பழங்கள் அவை. 9 மணிக்கு முடித்தேன். 11 மணி வரை கையை நீட்டியபடி இருந்து, தொட்டுப் பார்த்து, ஒட்டவில்லை என்று தெரிந்த பிறகுதான் படுத்தேன். காலையில் அந்த மூன்றையும் அழித்துவிட்டு வெறும் சிவப்பைப் பூசிக்கொண்டு கல்யாணத்துக்குப் போனேன். இன்னும் மனசு ஆறவில்லை.

அங்கே கூட்டாளியின் தங்கை என் கையைப் பிடித்துப் பார்த்துவிட்டு, "அக்கா, நீங்க வாங்கின அந்த நெயில் ஆர்ட் செட்டு இன்னும் நல்லா இருக்கா? நானும் வாங்கட்டுமா?" என்று கேட்டாள். பெட்டிக்குள் என்ன இருக்கிறது என்பது அவளுக்குத் தெரியும். ஆறு சின்னக் கியூட்டெக்ஸ், அதாவது நகப்பூச்சுப் போத்தல், கடைசியாக மேலே பூசுகிற டொப் கோட் ஒன்று, புள்ளி வைக்கிற டொட்டிங் டூல் ஐந்து, மூன்று பிரஷ். நுவரெலியா டவுனில் ஒரு பென்சி கடையில் 1,950 ரூபாய் கொடுத்து வாங்கி 14 மாதம் ஆகிறது. அவளுக்குச் சொல்ல வேண்டியதை நின்ற நிலையில் சொல்லி முடிக்க முடியவில்லை. அதனால் எழுதுகிறேன்.

முதலில் டொட்டிங் டூல். பேனா மாதிரி இருக்கும், இரண்டு முனையிலும் குண்டு. ஐந்திலும் சேர்த்துப் பத்து அளவு. இன்றுவரை ஒரு குண்டுகூடத் துருப்பிடிக்கவில்லை, கழன்று விழவில்லை. பல்குத்தி, ஊசித்தலை, தீர்ந்துபோன பேனா முனை எல்லாவற்றாலும் நான் புள்ளி வைத்துப் பார்த்திருக்கிறேன். ஒரே அளவில் இரண்டு புள்ளி விழாது. இதில் நாற்பது புள்ளி வைத்தாலும் நாற்பதும் ஒன்றுபோல இருக்கும். கடந்த வருடம் நான் எனக்கென்று வாங்கிய பொருட்களில் இதைவிட நல்லது எதுவும் இல்லை.

ஸ்ட்ரோபெரி விதையைக் கறுப்பில் வைப்பதுதான் பலருடைய பழக்கம். நானும் முதல் இரண்டு மாதம் அப்படித்தான் வைத்தேன். பார்க்க ஏதோ வண்டு போல இருக்கும். சீசன் நேரத்தில் பாதையோரம் பக்கெட் போட்டு விற்கிற பழத்தில் ஒன்றை எடுத்து ஒருநாள் டியூப் லைட்டுக்குக் கீழே வைத்துப் பார்த்தேன். விதை கறுப்பே இல்லை. வெளிர் மஞ்சள். அதுவும் தோலின் மேல் உட்காரவில்லை, ஒவ்வொன்றும் ஒரு சின்னக் குழிக்குள் இருக்கிறது. குழியின் ஓரம் மட்டும் சிவப்பு கொஞ்சம் கூடுதலாக அடர்ந்திருக்கிறது. அன்றிலிருந்து நடு அளவுக் குண்டால் முதலில் ஒரு கருஞ்சிவப்புப் புள்ளி, அதற்குள் மிகச் சின்னக் குண்டால் ஒரு மஞ்சள் புள்ளி. வரிசை வரிசையாக இல்லாமல், ஒரு வரிசை விட்ட இடைவெளியில் அடுத்த வரிசை வருகிற மாதிரி. நகத்தின் அடியில் ஐந்து பச்சைக் கீற்று. நகத்தை நுனியில் கொஞ்சம் குவித்து அரம் போட்டிருந்தால் பழத்தின் வடிவம் தானாக வந்துவிடும்.

இனி என் கோபம். போத்தலில் "60 விநாடியில் காயும்" என்று அச்சிட்டிருக்கிறார்கள். எந்த ஊரின் 60 விநாடி அது? கியூட்டெக்ஸ் என்பது நைட்ரோசெலுலோஸை எத்தில் அசிட்டேட், பியூட்டில் அசிட்டேட் போன்ற கரைப்பான்களில் கரைத்தது. அந்தக் கரைப்பான் ஆவியாகிப் போனால்தான் படலம் இறுகும். நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து 1,800 மீட்டருக்கு மேலே இருக்கிறது. ஜனவரி இரவுகளில் புல்லில் உறைபனி கிடக்கும் ஊர். இந்தக் குளிரில் கரைப்பான் எங்கே அவசரமாகக் கிளம்பும்? பழம் என்றால் பேஸ் கோட், இரண்டு தடவை சிவப்பு, இலை, குழி, விதை, டொப் கோட் என்று அடுக்கு ஏறிக்கொண்டே போகிறது. மேல் அடுக்கு முதலில் இறுகி, கீழே இருப்பதை வெளியே விடாமல் மூடிவிடுகிறது. தொட்டால் காய்ந்தது போலத்தான் இருக்கும். உள்ளே இன்னும் களி. இரவு முழுக்கக் கம்பளி அழுத்தினால் தடம் விழாமல் என்ன செய்யும்?

மழை, மூட்டம் என்றால் இன்னொரு தொல்லை. கரைப்பான் ஆவியாகும்போது நகத்தின் மேற்பரப்பு இன்னும் குளிர்கிறது. அதில் காற்றின் ஈரம் படிந்து டொப் கோட் பால் ஊற்றினது போல வெளுத்துவிடும். ஜன்னலைச் சாத்தாமல் வரைந்த ஒரு ஓகஸ்ட் மாலையில் பத்து நகமும் அப்படியானது. "அடுப்படியில வந்து உட்காரு, காஞ்சிடும்" என்றார் அம்மா. தங்கச்சி, அதை மட்டும் செய்யாதே. கரைப்பானின் ஆவி தீப்பிடிக்கும். போத்தலை இறுக மூடி, வெதுவெதுப்பான தண்ணீரில் ஐந்து நிமிடம் நிறுத்தி வைத்தால் போதும். கியூட்டெக்ஸ் இளகும், மெல்லிசாகப் பூசலாம். மெல்லிசாகப் பூசினால்தான் காயும்.

விதை இழுபடுவது அதோடு வந்த வினை. டொப் கோட்டிலும் அதே கரைப்பான்தானே, பிரஷ் பட்டதும் மஞ்சள் புள்ளி கரைந்து வால் முளைத்துவிடும். இதற்கு வழி காட்டியது என் தம்பி. சாதாரண தரப் பரீட்சைக்குச் சித்திரம் படிக்கிறான். அவனுடைய அக்ரிலிக் டியூபிலிருந்து ஒரு பொட்டு மஞ்சள் எடுத்து வைத்துப் பார்த்தேன். அக்ரிலிக் தண்ணீர்ச் சாயம், காய்ந்த பிறகு டொப் கோட் அதை அசைப்பதில்லை. ஒரு விதைகூட நகரவில்லை. அன்று இரவு நான் பட்ட சந்தோஷத்தை யாரிடம் சொல்வது என்று தெரியாமல் தம்பியையே எழுப்பிக் காட்டினேன்.

மற்றப் பழங்களைச் சீக்கிரம் சொல்லிவிடலாம். டிராகன் பழம் ஆகச் சுலபம், வெள்ளையில் கறுப்புப் புள்ளி. ஆனால் செட்டில் வந்த வெள்ளை ஐந்தாம் மாதமே கெட்டியாகிவிட்டது. ரிமூவர் ஊற்றி இளக்காதே, பூச்சு கெட்டுப்போகும். ஆனைக்கொய்யாவுக்கு மஞ்சளும் பச்சையும் சேருகிற இடத்தை ஈரம் இருக்கும்போதே இழைத்துவிட வேண்டும். மங்குஸ்தானுக்கு அடியில் இருக்கிற பூ மாதிரியான தடத்தை மறக்காதே. அதில் எத்தனை இதழோ, உள்ளே அத்தனை சுளை.

தீபாவளிக்கு அம்மாவுக்கு வரைந்தது மங்குஸ்தான்தான். 31 வருடமாகத் தேயிலைக் கொழுந்து பறிக்கிற கை. பெருவிரலிலும் ஆட்காட்டி விரலிலும் கறை போகாது. அந்த ஊதா நிறம் கறையோடு ஒத்துப்போகும் என்று அவரே தெரிந்தெடுத்தார். பெருவிரலில் இருந்தது மலைக்குப் போன முதல் நாளே உதிர்ந்தது. சுண்டுவிரலில் இருந்தது 11 நாள் நின்றது. மலையில் எல்லாரும் அந்த விரலைப் பிடித்துப் பார்த்தார்களாம்.

ஜெல் வாங்கலாமே என்று நீ கேட்பாய். ஜெல் விளக்கு வெளிச்சத்தில் இறுகுவது, குளிர் அதை ஒன்றும் செய்யாது, உண்மைதான். ஆனால் இறுகாத ஜெல் திரும்பத் திரும்பத் தோலில் பட்டால் ஒவ்வாமை வரலாம். பழம் வரையும்போது என் பிரஷ் எத்தனை முறை நகத்தைத் தாண்டுகிறது என்று எனக்குத் தெரியும். எனக்கு வேண்டாம்.

சரி, வாங்கலாமா? வாங்காதே. டூலை மட்டும் தனியாகக் கொடுத்தால் இன்றைக்கே போய் வாங்கு என்பேன். அந்தக் கடையில் அப்படிக் கொடுப்பதில்லை. 60 விநாடி என்று எழுதின போத்தலுக்காக இன்னொரு 1,950 ரூபாய் போவதை என்னால் பொறுக்க முடியாது. சனிக்கிழமை வீட்டுக்கு வா. காலை 10 மணிக்கே வா, வெயில் இருக்கும்போது தொடங்கினால் இரவுக்குள் காய்ந்துவிடும். ஒரு பழம் கொண்டு வா, பார்த்து வரையலாம். மஞ்சள் டியூப் தம்பியிடம் இருக்கிறது.