நிலக்கரித் தூளின் சாம்பலைக் குறைக்க: நுரை மிதப்பா, எண்ணெய்த் திரட்டலா?

வந்தாறுமூலைப் பல்கலைக்கழகத்திலோ ஒலுவில் பல்கலைக்கழகத்திலோ இறுதியாண்டு ஆய்வுக்கு இந்தத் தலைப்பை எடுப்பவர்கள் இரண்டில் ஒன்றைத் தெரிவுசெய்ய வேண்டிவரும். ஆய்வுகூட மேசைக்கு நாங்கள் தெரிவுசெய்தது எண்ணெய்த் திரட்டல்.

அடிப்படை இரண்டுக்கும் ஒன்றுதான்: நிலக்கரி நீரை ஒட்டாது, எரித்தால் சாம்பலாக மிஞ்சும் களிமண்ணும் கல்லும் நீரோடு நின்றுவிடும். மிதப்பில் காற்றுக்குமிழி நிலக்கரியை மேலே தூக்குகிறது. திரட்டலில் எண்ணெய் அதை உருண்டையாகப் பிணைக்கிறது.

தொழிற்சாலை என்றால் மிதப்புத்தான். தொன் ஒன்றுக்கு ஒரு கிலோ அளவில் எண்ணெய் போதும். திரட்டலுக்கு 10 வீதம் வைத்தாலே 100 கிலோ. 1920களில் வந்த டிரென்ட் என்ற எண்ணெய்த் திரட்டல் முறை முதற்கொண்டு இந்த வழி பரவாமல் போனதற்கு எண்ணெய்ச் செலவு பெரிய காரணம். ஆனால் 50 கிராமுக்கு வேண்டியது 5 கிராம்தானே! மிதப்புக்கோ தனிக்கலம், நுரைதரு பொருள், வெற்றிட வடிகட்டி எல்லாம் தேவை. மிக நுண்ணிய களிமண்ணும் நுரைநீரோடு ஏறிவிடும்.

0.25 மில்லிமீற்றருக்குக் கீழ் அரித்த தூள் 50 கிராமை 500 மில்லிலீற்றர் வடித்த நீரில் போட்டு, நிமிடத்துக்கு 1500 சுற்று வேகத்தில் 5 நிமிடம் கலக்குங்கள். தூள் முழுதாக நனையுமுன் எண்ணெய் விட்டால் அழுக்கும் உருண்டைக்குள் சிக்கும். பிறகு 5 முதல் 10 கிராம் எண்ணெயைத் துளித்துளியாக விட்டு 10–15 நிமிடம் கலக்குங்கள். கறுத்த நீர் சாம்பல்நிறச் சேற்றுநீராக மாறி, கடுகளவு உருண்டைகள் தெரிந்தால் நிறுத்தலாம். 0.5 மில்லிமீற்றர் அரிதட்டில் ஊற்றி மெதுவாகக் கழுவுங்கள். வேகம் குறைந்தால் உருண்டை உதிரும், எண்ணெய் கூடினால் களியாகும்.

தேங்காயெண்ணெய் மட்டக்களப்பு வெக்கையில் திரவமாகவே இருக்கும். ஏசி அறையில் 24 பாகைக்குக் கீழே போனால் உறையத் தொடங்கும். பொரித்து மிஞ்சிய எண்ணெயும் உதவும், வடித்துப் பாவியுங்கள். நீர் காரமாக இருந்தால் எண்ணெயிலுள்ள கொழுப்பமிலம் சவர்க்காரமாகிப் பால்போல் கலங்கிவிடும். மண்ணெண்ணெயை வீட்டு பிளெண்டரில் ஊற்றவே வேண்டாம். மோட்டார்ப் பொறி தீயைப் பிடிக்கவைக்கும்.

எல்லாவற்றையும்விட முக்கியம் கணக்கு. உருண்டையில் எண்ணெய் இருக்கிறது. தாவர எண்ணெய் 105 பாகையில் உலர்த்தினாலும் போகாது. 20 வீதச் சாம்பலுள்ள 50 கிராமிலிருந்து 45 கிராம் உருண்டை கிடைத்து, அதில் 8 கிராம் எண்ணெய், 3.7 கிராம் சாம்பல் என்று வையுங்கள். அப்படியே வகுத்தால் சாம்பல் 8.2 வீதம், எண்ணெயைக் கழித்தால் 10 வீதம். எரிபொருள் மீட்பையும் பாருங்கள்: தொடக்கத்தில் எரியக்கூடியது 40 கிராம். கழிக்காவிட்டால் 41.3 கிராம் மீண்டதாக, 103 வீதம் வரும். நூறைத் தாண்டிய மீட்பு இருக்கவே முடியாது. சரியான விடை 83 வீதம். நூறுக்குள் வந்துவிட்டால் இந்தப் பிழை கண்ணில் படாது, அதுதான் ஆபத்து. ஆகவே உருண்டையை எக்சேனால் (எண்ணெயைக் கரைக்கும் திரவம்) கழுவி, வடிதாளில் வடித்து உலர்த்தி நிறை பார்த்த பிறகே சாம்பலை அளக்க 815 பாகை உலையில் வையுங்கள்.

இந்த அளவுகள் பிற்றுமினஸ் எனும் கறுப்பு நிலக்கரிக்குரியவை. பழுப்பு நிலக்கரிக்கு அப்படியே நம்ப வேண்டாம், அதன் மேற்பரப்பு நீரை விரும்பும். நல்ல நிலக்கரியும் திறந்து கிடந்தால் ஒட்சியேறி அதே நிலைக்கு வரும். அரைத்த தூளை அன்றே பாவியுங்கள். சிரட்டைக்கரி இதற்குப் பதிலாகாது, துளைகளுக்குள் எண்ணெயை உறிஞ்சிவிடும்.