சென்னையா திருவனந்தபுரமா: இந்த தடவ நாரோயில் போன கதை

ஜனவரி பொறந்தா போதும், எங்க டல்லாஸ் வாட்ஸப் குரூப்ல ஒரே பேச்சுதான், டிக்கெட் எடுத்தாச்சா, எவ்வளவு, எந்த ஏர்லைன்ஸ். யாராவது ஆளுக்கு 1,450 டாலர்னு சொல்லிட்டா அன்னைக்கு மீதி பேருக்கு தூக்கம் போச்சு. ஆனா அந்த 1,450 எது வரைக்கும்னு யாரும் கேக்கறதில்ல. அது சென்னை வரைக்கும். அங்கேருந்து எங்க நாரோயிலுக்கு, அதான் நாகர்கோவிலுக்கு, இன்னும் எழுநூறு கிலோமீட்டர் கெடக்கு.

2025 ஜூன்ல போனோம், நாங்க ரெண்டு பேர், பிள்ளைங்க ரெண்டு. அத்தானுக்கு சென்னைதான் ராசி, ஏன்னா தேடும்போது முதல்ல கண்ணுல படுற விலை அது. திருவனந்தபுரம்னு போட்டா தலைக்கு நூத்திப்பத்து டாலர் கூட காட்டுது, நாலு பேருக்கு 440. சரின்னு நான் ஒரு பேப்பர எடுத்து உக்காந்தேன். சென்னைல இருந்து தூத்துக்குடிக்கு ஃப்ளைட் எடுக்கலாம்தான், ஆனா அமெரிக்கால இருந்து வர்ற டிக்கெட்ல ஆளுக்கு ரெண்டு பொட்டி, ஒவ்வொண்ணும் 23 கிலோ, உள்நாட்டு டிக்கெட்ட தனியா எடுத்தா ஆளுக்கு 15 கிலோதான். எட்டு பொட்டிக்கு எக்ஸ்ட்ரா வெயிட் காசு கட்டினா அதுல இன்னொரு ஆளுக்கே டிக்கெட் எடுத்துரலாம். (ஒரே டிக்கெட்ல ஊர் வரைக்கும் எடுத்தா அந்த 23 கிலோ கணக்கே கடைசி வரைக்கும் வரும், அத நிறைய பேர் கவனிக்கறதில்ல.) எழும்பூர்ல இருந்து நாகர்கோவிலுக்கு வந்தே பாரத் இருக்கே, அதுல போலாமேன்னாரு. ரயில் நல்லாத்தான் இருக்கு, ஆனா அது விடியக்காலம் கிளம்புது, அதுக்காக ராத்திரி லாட்ஜ் ரூம், ரெண்டு டாக்ஸி, அப்புறம் எட்டு பொட்டிய அந்த சேர் காருக்குள்ள எங்க வைக்க? எல்லாத்தையும் கூட்டினா 440 டாலர்ல பெருசா ஒண்ணும் மிஞ்சல, அதோட ஒரு நாள் வேற போகும். மார்த்தாண்டம், நாரோயில் பக்கத்து ஆளுங்களுக்கு இது புதுசில்ல, நம்ம ஏர்போர்ட் எப்பவுமே பக்கத்துல இருக்குற திருவனந்தபுரம்தானே, அமெரிக்காக்கு வந்தப்புறந்தான் மறந்துடறோம்.

இப்ப தேதி விஷயம், இதுதான் முக்கியம். சென்னைக்கு டிசம்பர், பொங்கல்னு பாத்தா போதும். திருவனந்தபுரத்துக்கு விலைய ஏத்தி இறக்குறது கல்ஃப்ல இருக்குற மலையாளிங்கதான். துபாய், தோஹா வழியாதானே நாமளும் போறோம், கடைசி நாலு மணி நேர ஃப்ளைட்ல அவங்களும் நாமளும் ஒரே சீட்டுக்குத்தான் அடிச்சுக்கிறோம். யுஏஇல ஸ்கூல் ஜூன் கடைசி, ஜூலை தொடக்கத்துல மூடுது, அப்ப மொத்த கூட்டமும் கேரளா பக்கம் வரும், ஆகஸ்ட் கடைசில திரும்பி போகும், நடுவுல ஓணம், பெருநாள் வந்தா கேக்கவே வேண்டாம். எங்க டெக்சாஸ் ஸ்கூல் மே கடைசிலயே லீவு விட்டுருவாங்க, ஆகஸ்ட் பாதில தொறப்பாங்க. அதனால ஜூன் முதல் வாரம் போயி ஜூலை கடைசில திரும்பினோம், ரெண்டு பக்கமும் அந்த கூட்டத்துக்கு முன்னாடி. ஒரு மாசம் தள்ளி அதே ரூட்ட போட்டு பாத்தேன், தலைக்கு முந்நூறு டாலருக்கு மேல கூட காட்டுச்சு.

தேடுறதுல ரெண்டு விஷயம் சொல்றேன். செவ்வாய்க்கிழமை ராத்திரி புக் பண்ணு, இன்காக்னிட்டோல தேடுன்னு ஃபார்வர்டு வரும்ல, எனக்கு அதுல எந்த வித்தியாசமும் தெரிஞ்சதில்ல. புக் பண்ற கிழமைய விட பறக்குற கிழமைதான் விலைய மாத்துது. கூகுள் ஃப்ளைட்ஸ்ல காலண்டர தொறந்து அலர்ட் போட்டு வச்சுட்டு, எடுக்கும்போது ஏர்லைன்ஸ் சைட்லயே எடுத்துருவேன், பத்து இருபது டாலர் கூடனாலும் பரவால்ல. அமெரிக்கால ஒரு ரூல் இருக்கு, கிளம்புற நாளுக்கு ஏழு நாளாவது இருந்து, ஏர்லைன்ஸ்கிட்ட நேரா எடுத்தா, 24 மணி நேரத்துக்குள்ள காசு பிடிக்காம கேன்சல் பண்ணலாம். சில ஏர்லைன்ஸ் இதுக்கு பதிலா காசு கட்டாமலே ஒரு நாள் விலைய நிறுத்தி வச்சு குடுக்கும். விலை சரின்னு பட்டா எடுத்து வச்சிட்டு, ராத்திரி முழுக்க லீவ், கல்யாண தேதி எல்லாம் பேசி முடிவு பண்ணலாம்.

நேரா எடுக்கறதுல என்ன பலன்னு அந்த ஜூன்லயே பாத்தோம். 23ஆம் தேதி கத்தார் வான்வெளிய மூடினாங்கல்ல, கல்ஃப் வழியா போற ஃப்ளைட் எல்லாம் தாறுமாறாச்சு. என் சித்தி மவன் குடும்பம் அந்த வாரம்தான் கிளம்பினாங்க, அறுபது டாலர் கம்மின்னு ஏதோ ஒரு புக்கிங் சைட்ல எடுத்தது. ஏர்லைன்ஸ்க்கு போன் பண்ணா ஏஜென்ட்டுகிட்ட கேளுங்கறான், அந்த சைட்டுக்கு போன் பண்ணா பாட்டு மட்டும் ஓடுது. அதே ஃப்ளைட்ல நேரா எடுத்திருந்த பக்கத்து வீட்டுக்காரங்க ஆப்லயே வேற தேதிக்கு மாத்திட்டு போயிட்டாங்க. இன்னொண்ணு, 2024ல வந்த அமெரிக்க ரூல்படி வெளிநாட்டு ஃப்ளைட்ட ஆறு மணி நேரமோ அதுக்கு மேலயோ முந்தி கிளம்புற மாதிரியோ பிந்தி சேர்ற மாதிரியோ மாத்தினா, வேண்டாம்னு சொல்லி முழு காசையும் திருப்பி கேக்கலாம். கிரெடிட் வவுச்சர்னு நீட்டுவாங்க, வாங்கிராதீங்க.

திருவனந்தபுரத்துல இறங்கினது அதிகாலை. இமிக்ரேஷன்ல ஓசிஐக்கு (வெளிநாட்டு பாஸ்போர்ட் வாங்கின இந்திய வம்சாவளிக்காரங்க கார்டு) தனி வரிசை இருந்தும் மெதுவாதான் போச்சு. ஃபாஸ்ட் டிராக் இ-கேட் அந்த செப்டம்பர்லதான் திருவனந்தபுரத்துக்கும் திருச்சிக்கும் வந்துச்சு, இந்திய பாஸ்போர்ட், ஓசிஐ ரெண்டுக்கும் உண்டு, ஆன்லைன்ல பதிஞ்சு ஒரு தடவ கைரேகை குடுத்தா போதும், போறவங்க முன்னாடியே பண்ணிக்கோங்க. அதானி கைக்கு போனப்புறம் டாய்லெட் நல்லாயிருக்கு, அதுக்கு காசும் நம்மகிட்டதான். 2024 ஜூலைல யூசர் ஃபீ ஏத்தினதுல வெளிநாடு கிளம்புறவங்களுக்கு 1,540 ரூபாய், வந்து இறங்கறவங்களுக்கும் 660, அதுக்கப்புறமும் ஏறிட்டேதான் இருக்கு. டிக்கெட்ல டாக்ஸ்னு ஒரு வரில ஒளிஞ்சிருக்கும், பிரிச்சு பாத்தாதான் தெரியும்.

தம்பி நாரோயில்ல இருந்து டெம்போ டிராவலர் கொண்டு வந்திருந்தான். தமிழ்நாட்டு வாடகை வண்டி கேரளாக்குள்ள வர பெர்மிட் போடணும், அந்த காசு வாடகையோட சேராது, முதல்லயே பேசிக்கணும். திருவல்லம் டோல் தாண்டி காரோடு வரைக்கும் புது ரோடு, வழுக்கிட்டு போகுது. களியக்காவிளை வந்ததும் நம்ம ஊரு வந்துட்டுன்னு வண்டி குலுக்கல்லயே தெரிஞ்சிரும். வழி முழுக்க தம்பிக்கு பேச்சுதான். அடுத்த வாரம் ஜூன் 14 ராத்திரி ஒரு பிரிட்டிஷ் எஃப்-35 போர் விமானம் அதே ஏர்போர்ட்ல அவசரமா இறங்கி ரிப்பேராகி ஜூலை 22 வரைக்கும் நின்னுச்சு, அப்ப அவன் அடிச்ச கமென்ட்டுக்கு அளவே இல்ல, கேரளா சாயா குடிச்சவன் எப்படி திரும்பி போவான்னு.

ஊர்ல இருக்கும்போதே அம்மாவுக்கு அடுத்த வருஷத்து டிக்கெட்டும் விசாரிச்சிரலாம்னு வடசேரி பஸ் ஸ்டாண்ட் பக்கத்துல ஒரு டிராவல்ஸ்க்கு போனேன். சின்ன கடை, ஒரு டேபிள் ஃபேன். அண்ணாச்சி கம்ப்யூட்டர்ல மவுஸ தொடவே இல்ல, வரி வரியா எதையோ தட்டுனாரு, எழுத்தும் நம்பருமா வந்து நின்னுச்சு. என்னது அண்ணாச்சி இதுன்னேன். "ஒவ்வொரு எழுத்தும் ஒரு வெல மக்ளே, பக்கத்துல உள்ளது அந்த வெலைக்கு எத்தன சீட்டு இருக்குன்னு. ஒம்பதுன்னு காட்டுனா ஒம்பதோ அதுக்கு மேலயோ." அப்புறம் அவரு சொன்னதுதான் எனக்கு புதுசு. நாலு பேருக்கு சேத்து தேடும்போது கம்மி விலை எழுத்துல மூணு சீட்டுதான் மிச்சம்னா, நாலு பேருக்குமே அடுத்த விலையதான் போடும். அதனால முதல்ல ஒரு ஆளுக்கு தேடி பாரு, அப்புறம் நாலுக்கு பாரு, வித்தியாசம் வந்தா மூணும் ஒண்ணுமா பிரிச்சு எடுன்னாரு. பிள்ளைங்க பெரியவங்க இருக்குற புக்கிங்ல இருக்கணும், ரெண்டு புக்கிங் நம்பரையும் ஏர்லைன்ஸ்ல சொல்லி சேத்து விடணும். அம்மாவுக்கு வீல்சேர் அசிஸ்டென்ஸ் காசில்லாம அவரே போட்டுத் தர்றேன்னாரு, தோஹா மாதிரி பெரிய ஏர்போர்ட்ல தனியா மாறும்போது அது இல்லாம முடியாது.

கிளம்பும்போது வழக்கம்போல பொட்டி எடை சண்டை. மைனி முந்திரிக்கொத்து, ஏத்தங்காய் சிப்ஸ், கருப்பட்டினு அடுக்குறாங்க, நான் தூக்கு தராசோட பின்னாடியே நிக்கறேன். கொப்பரைத் தேங்காய மட்டும் கண்டிப்பா வெளிய எடுத்துட்டேன், ஸ்கேனர்ல கண்டா பொட்டிய தொறந்து வெளிய எடுத்துருவாங்க, எளிதா தீப்பிடிக்குற பொருள் லிஸ்ட்ல அது இருக்கு.

இன்னொண்ணு மறந்துட்டேன். பங்குனி, ஐப்பசில பத்மநாபசுவாமி கோயில் ஆறாட்டு ஊர்வலம் ரன்வே வழியா சங்குமுகம் கடலுக்கு போகும், அன்னைக்கு சாயங்காலம் சில மணி நேரம் ஏர்போர்ட்டையே மூடிருவாங்க. மார்ச்-ஏப்ரல், அக்டோபர்-நவம்பர்ல சாயங்கால ஃப்ளைட் எடுக்கறவங்க தேதிய ஒரு தடவ பாத்துக்கோங்க. அம்மாவுக்கு பாத்து வச்சிருக்கறது ஏப்ரல்தான், அண்ணாச்சி சொன்ன விலை இன்னும் இறங்கல, ரெண்டு வாரம் பாத்துட்டு எடுத்துருவோம்.