பழைய குடும்ப வன்முறை வழக்கும் காவலர் தேர்வும்: குன்னூர் வக்கீல் அலுவலகம் ஒன்று

பழைய வழக்கோடு காவலர் தேர்வுக்குப் போகிறவர் ஆலோசனை கேட்டால், இந்த அலுவலகத்தில் கட்டணம் பேசும் முன் சம்பவத் தேதியில் வயது என்ன என்று கேட்கிறார்கள். அதற்கே நல்ல மதிப்பெண் தரலாம். 18 நிறையவில்லை என்றால் 2015 இளைஞர் நீதிச் சட்டத்தின் 24-ஆம் பிரிவு, குற்றத்தீர்ப்பால் வரும் தகுதியிழப்பை நீக்கிவிடும். (16 தாண்டி, பெரியவராக விசாரிக்கப்பட்டவருக்கு இது பொருந்தாது.)

18 தாண்டியவர் மீதான 498ஏ வழக்கில்தான் (மனைவியைக் கணவரோ அவர் உறவினரோ கொடுமைப்படுத்தியதாகப் போடும் வழக்கு) சிக்கல். சமரசமானாலும் கீழ்க்கோர்ட்டில் முடித்துக்கொள்ள முடியாது. ரத்து மனு சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போக வேண்டும். கொடைக்கானல்காரர்களுக்கு மதுரைக் கிளை. "சாட்சி பிறழ்ந்தால் (முன்பு சொன்னதை மாற்றிச் சொன்னால்) விடுதலைதானே?" என்று கோர்ட் வாசலில் சொல்பவர்களை நம்பாதீர்கள்: அப்படி விடுதலையானவரைத் தமிழகக் காவலர் பணி விதி வழக்கில் சம்பந்தப்பட்டவராகவே கருதும். விண்ணப்பத்தில் வழக்கை மறைக்கவும் இந்த அலுவலகத்தார் விடுவதில்லை.

குறை: எஃப்ஐஆர், தீர்ப்பு நகல்களை நாமே அலைந்து வாங்கித் தர வேண்டும்.