தக்களி, பெட்டி ராட்டை, அம்பர்: நூற்கத் தொடங்கியவர் எதை வாங்கலாம்?

கையால் சுழற்றி நூற்கும் சிறு கருவியான தக்களியில் மூன்று மாதம் நூற்றவருக்குச் சக்கரம் வைத்த ராட்டை மீது ஆசை வராமல் இருக்காது. அந்த ஆசைக்குப் பின்னால் ஒரு கணக்கும் இருக்கிறது. 30 அங்குல அகலமும் 2 மீட்டர் நீளமும் உள்ள ஒரு சாதாரணத் துண்டை, அங்குலத்துக்கு 40 பாவிழை (நீளவாக்கு இழை), 40 ஊடையிழை (குறுக்கு இழை) என்று நெய்வதாக வைத்துக்கொண்டால், பாவுக்கு 2,400 மீட்டரும் ஊடைக்கு ஏறத்தாழ அதே அளவும் நூல் வேண்டும். 1,000 மீட்டர் கொண்ட சிட்டங்களாகச் சொன்னால், சேதாரத்தையும் சேர்த்து ஐந்து சிட்டம். தக்களியில் எனக்கு மணிக்கு 60 மீட்டர் வருவதே பெரிது என்பதால், ஒரு துண்டுக்கு மட்டும் எண்பது மணி நேரத்துக்கு மேல் உட்கார வேண்டும். 1924-இல் பெல்காமில் கூடிய காங்கிரஸ் மாநாடு, உறுப்பினர் ஒவ்வொருவரும் மாதம் 2,000 கெஜம் நூல் தர வேண்டும் என்று விதித்தபோது பலர் ஏன் முகம் சுளித்தார்கள் என்பது, தக்களியைக் கையில் எடுத்த பிறகுதான் எனக்கு விளங்கியது.

தக்களியின் ஒரே குறை அதன் வேகம்தான். பித்தளை வட்டும் மெல்லிய எஃகுக் கம்பியும் சேர்ந்த அந்தக் கருவி சட்டைப் பையில் அடங்கும். பழுதாவதற்கு அதில் எதுவும் இல்லை. பள்ளியில் கைத்தொழில் வகுப்பு நடந்த காலத்துப் பிள்ளைகள் அதை அந்தரத்தில் தொங்கவிட்டு நூற்றார்கள். தொங்கவிட்டால் தக்களியின் எடை முழுவதும் நூலின் மீது விழுந்து மெல்லிய இழை அறுந்துவிடும் என்பதால், தேங்காய்ச் சிரட்டையில் அதன் நுனியை ஊன்றிச் சுழற்றுவதே எனக்கு ஒத்துவருகிறது. சிரட்டைக்குள் கம்பி உரசும் மெல்லிய கரகரப்பு குறையத் தொடங்கினால் முறுக்கு தீரப்போகிறது என்று காதே சொல்லிவிடும்.

பெட்டி ராட்டை, காந்தி 1930-இல் எரவாடா சிறையில் இருந்தபோது உருவான வடிவம். பெரிய சக்கரம் சிறிய சக்கரத்தை ஓட்ட, சிறியது நூலை முறுக்கிச் சுற்றிக்கொள்ளும் கம்பியான கதிரை ஓட்டுகிறது. மூடினால் ஒரு பெட்டி, அவ்வளவுதான். நண்பர் ஒருவர் இரவல் கொடுத்த பெட்டி ராட்டையில் மெதுவாகச் சுற்றி எண்ணிப் பார்த்தேன்: பெரிய சக்கரம் ஒரு சுற்று வருவதற்குள் கதிர் 80 சுற்று சுற்றியது. 20-ஆம் நம்பர் (நம்பர் என்பது நூலின் மென்மையைக் குறிக்கும் எண்) பருத்தி நூலுக்கு அங்குலத்துக்குச் சுமார் 18 முறுக்கு, அதாவது மீட்டருக்கு எழுநூறு முறுக்கு தேவைப்படுகிறது. தக்களியில் பலமுறை சுண்டிச் சுண்டிப் பெற வேண்டிய இந்த முறுக்கைப் பெட்டி ராட்டையில் வலக்கை ஒன்பதே சுற்றில் கொடுத்துவிடுகிறது.

ஆனால் ராட்டை கொடுப்பது முறுக்கை மட்டுமே என்பதை முதல் நாளே கற்றுக்கொண்டேன். உருட்டி வைத்த பஞ்சுப் பட்டையிலிருந்து இழையை இழுப்பது இடக்கையின் வேலை. அந்தக் கை பழகாதவரிடம் முறுக்கு வேகமாக வந்து சேர்ந்தால், இழுத்து முடிக்கும் முன்பே அது பட்டைக்குள் ஏறி, பஞ்சு ஒரு கட்டியாக இறுகிவிடும். மீதி நூல் சுருண்டு பன்றிவால் போல நிற்கும். முதல் மாலை நான் நூற்றதில் பாதி இப்படித்தான் குப்பைக்குப் போனது. தக்களியில் இந்தத் தவறு மெதுவாக நடப்பதால், அதைக் கண்ணால் பார்த்து விரலால் திருத்த முடிகிறது. ஆகவே தக்களியைத் தாண்டிவிட்டு நேராக ராட்டைக்குப் போகலாமா என்று கேட்பவர்களிடம் வேண்டாம் என்றே சொல்வேன். நான் இரண்டாவது வாரத்தில் மணிக்கு 200 மீட்டரைத் தொட்டேன் என்றால், அது தக்களி பழக்கிய இடக்கையால் வந்தது.

அம்பர் ராட்டை தமிழ்நாட்டுக்காரரான ஏகாம்பரநாதன் கண்டுபிடித்தது. 1950-களில் கதர் இயக்கம் அதைக் கையிலெடுத்தது. ஒரே சுழற்சியில் நான்கு கதிர்கள் ஓடின, பின்னர் எட்டுக் கதிர் மாதிரிகளும் வந்தன. உற்பத்தியை மட்டும் பார்த்தால் மற்ற இரண்டும் அதன் அருகில் நிற்க முடியாது. இருந்தும் பொழுதுபோக்காக நூற்க வருபவருக்கு அதை நான் சொல்லமாட்டேன். ஆலையில் உள்ளதைப் போலவே உருளைகள்தாம் அதில் பஞ்சை இழுக்கின்றன. விரல்களுக்கு அறுந்த நூலை ஒட்டும் வேலையே மிச்சம். அதோடு ஒரே சீராக இழுத்த பஞ்சுத் திரி வேண்டும். வீட்டில் வில்லடித்து உருட்டிய பட்டையை அதில் செருக முடியாது. பிழைப்புக்காக நூற்பவருக்கு அது பெரிய வரம் என்பதையும் சொல்லியாக வேண்டும்.

கால்மிதி வைத்த ஐரோப்பிய ராட்டைகளின் படங்களைப் பார்த்து ஏங்குபவர்களும் உண்டு. அவை பெரும்பாலும் கம்பளிக்காக அமைந்தவை. சுழற்சி விகிதம் குறைவு, நூலை உள்ளே இழுக்கும் விசை அதிகம். கருங்கண்ணி போன்ற குட்டை இழைப் பருத்தி முறுக்கேறும் முன்பே கையிலிருந்து பிடுங்கப்பட்டுவிடும்.

எனவே என் ஆசை பெட்டி ராட்டையில் வந்து நிற்கிறது. பழையதாக வாங்குபவர் சக்கரத்தின் மெருகைப் பார்ப்பதைவிடக் கதிரைக் கழற்றிக் கண்ணாடிப் பலகையில் உருட்டிப் பார்க்க வேண்டும். இரவல் ராட்டையின் கதிரில் கண்ணுக்குத் தெரியாத ஒரு வளைவு இருந்தது. ஒவ்வொரு சுற்றிலும் நூல் நுனியில் துள்ளித் துள்ளி அறுந்தது. நண்பர் அதைத் தட்டி நிமிர்த்திய மறுநாள் அதே ராட்டை வேறொன்றாக ஓடியது. அதைத் திருப்பிக் கொடுத்தாகிவிட்டது. இப்போது மறுபடியும் சிரட்டையும் தக்களியும்தான். துண்டுக்கான மூன்றாவது சிட்டம் பாதியில் நிற்கிறது.